மேலே வைத்த கடைசித் தாள்

நம் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் பூப்படம் வரும், மதியம் யாராவது முழங்கால் தைலம் சிபாரிசு செய்வார்கள், சாயங்காலம் யாருக்காவது ஆழ்ந்த இரங்கல். இப்படியே போய்க்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வாரம் உங்களில் ஒருவர் சும்மா இருக்காமல் ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். "நம்ம ஆரணியில அந்தக் காலத்துல ஒரு இலக்கியப் பத்திரிகை வந்துகினு இருந்துச்சே, ஞாபகம் கீதுங்களா? அந்தம்மா தன் கவிதைய தானே முதல் பக்கத்துல போட்டுகினு, அதோட பத்திரிகையே நின்னு போச்சே!" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அந்தம்மா என் அத்தை. அப்பாவுக்கு அக்கா. சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்து அவள் கையால் சுண்டல் வாங்கித் தின்றவர்கள்.

கோபமாகப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம் வரவில்லை. இந்த வயசில் கோபப்பட்டால் பிரஷர் மாத்திரை ஒன்று கூடுகிறது, வேறு லாபமில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று விட்டுவிடவும் மனசு வரவில்லை. பத்திரிகை நின்ற அந்த ஆடி மாசத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை முழுசாகக் கண்ணால் பார்த்தவர்களில் இன்னும் மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும். பொறுமை இல்லாதவர்கள் பூப்படம் பார்க்கப் போகலாம்.

அத்தைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நினைத்தவுடன் மெட்ராஸோடு பேசுகிற காலம் இல்லை அது. ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டு வியாபாரிகளும் அரிசி மில்காரர்களும் வெளியூரோடு பேசவேண்டும் என்றால், நடுவில் அத்தை உட்கார்ந்து ஒயரைப் பிடுங்கி ஒயரைச் செருக வேண்டும். காதில் மாட்டுகிற கருவியின் வளையம் அழுத்தி அழுத்தி அவள் தலையில் வகிட்டுக்குக் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே அடுத்த வேலைக்கு உட்காருவாள். அந்த அடுத்த வேலைதான் பத்திரிகை.

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஊர் பல காரணம் சொல்லும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சின்ன வயசில் கவிதை எழுதி ஒரு ஒல்லிப் புத்தகம் போட்டவள். மெட்ராஸில் நாலு பேர் அதைப் பாராட்டி எழுதினார்களாம். பத்திரிகை ஆரம்பித்த பிறகு கவிதை நின்றுவிட்டது. நான் ஒருநாள், "நீ ஏன் அத்த இப்பல்லாம் எழுதறது இல்ல?" என்று கேட்டேன். "ஊருக்கே சமைக்கிறவளுக்குப் பசி எங்க வரும் பாப்பா?" என்றாள். கையில் யாருடைய கவிதையோ இருந்தது. அதில் ஒரு வரியை அடித்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர் வேலை என்றால் என்னவோ ஜம்பமான வேலை என்று நினைக்காதீர்கள். தினமும் தபாலில் கவிதை வரும். பாதிக்கு மேல் நிலாவைப் பற்றி இருக்கும். அத்தனையையும் படிக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் எழுதினவர் கோபித்துக்கொள்வார், போட்டால் ஒரு வரியை வெட்டிவிட்டாய் என்று இன்னும் அதிகமாகக் கோபித்துக்கொள்வார். இரண்டு கவிஞர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். இரண்டு பேரையும் ஒரே இதழில் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டால் இரண்டு பேருமே சந்தாவை நிறுத்திவிடுவார்கள். புரூப் திருத்துவது எக்ஸ்சேஞ்சில்தான், இரண்டு ட்ரங்க் காலுக்கு நடுவில். ஈரம் காயாத நீளத் தாளை மடியில் போட்டுக்கொண்டு, "ஹலோ ட்ரங்க்… பேசுங்க" என்று சொல்லிவிட்டு அச்சில் விட்டுப்போன ஒரு துணைக்காலைச் சேர்ப்பாள். சுருக்கமாகச் சொன்னால், பகலெல்லாம் மற்றவர்கள் பேசிக்கொள்ள ஒயர் செருகுவது, மீதி நேரத்திலும் அதையே செய்வது. அவள் களைத்துப்போயிருந்தாள் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் எப்போதும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் எமகாதகி. உள்ளட்டையில் ஒவ்வொரு இதழிலும் ஒரு வரி தவறாமல் வரும்: 'இவ்விதழில் ஆசிரியரின் படைப்புகள் இடம்பெறா.' அப்போதெல்லாம் பத்திரிகை நடத்துகிறவர்கள் தங்கள் கவிதைக்காகவே பத்திரிகை நடத்தினார்கள். அத்தைக்கு அது அருவருப்பு. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் மற்றவர்களுக்கு 'முடியாது' என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இருந்தது.

அவள் அதிகமாக முடியாது சொன்னது தெள்ளார்க்காரருக்கு. கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்து படித்து வந்து ஏதோ ஆபீஸில் கடைநிலை ஊழியராக இருந்த இளைஞர் அவர். ஒவ்வொரு அமாவாசைக்கும் வண்டி பிடித்து வந்துவிடுவார். அவர் கவிதையை அத்தை மறுபடி மறுபடி திருப்பிக் கொடுப்பாள். "இது நல்லா கீது. ஆனா உன்னால இதவிட முடியும். எடுத்துனு போ," என்பாள். அவர் முகம் சுண்டிப்போகும். அடுத்த அமாவாசைக்கு மறுபடி வருவார். அத்தை வேறு யாருக்கும் அவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஏன் அமாவாசை என்று வெளியூர் போய்விட்டவர்களுக்கு மறந்திருக்கலாம். நெசவாளிக்கு அமாவாசைதான் லீவு. அன்றைக்குத் தறி ஓடாது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் அப்பாவின் தறிக்கூடம். மற்ற நாளில் பக்கத்தில் இருப்பவர் பேசினால் கேட்காது. அமாவாசையன்று பல்லி சத்தம் கேட்கும். அன்றைக்கு அங்கேதான் இலக்கியக் கூட்டம். குழித்தறி என்பதால் நெய்கிறவர் உட்காரும் மேடும், கால் தொங்கவிடும் பள்ளமும் இருக்கும். பெரிய மனிதர்களை அந்த மேட்டில் உட்கார வைப்போம். அவர்கள் பள்ளத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பாதி நெய்த புடவையைக் கையால் தடவிக்கொண்டே புதுக்கவிதையின் போக்கு பற்றிப் பேசுவார்கள். அப்பா வாசல்படியிலேயே நின்று, யாராவது வெற்றிலைச் சிவப்போடு தறியில் கட்டிய பாவு நூல் பக்கம் சாய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு இலக்கியத்தில் இருந்த அக்கறை அவ்வளவுதான்.

பத்திரிகை அச்சாவதும் எங்கள் ஊர் வழக்கப்படிதான். கல்யாண மாசங்களில் அச்சகக்காரர் அத்தையை ஏறிட்டும் பார்க்க மாட்டார். பட்டுப் புடவை எடுக்க வருகிற கூட்டம் அப்படியே அங்கே போய் அழைப்பிதழும் அடிக்கக் கொடுத்துவிட்டுப் போகும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும்தான் அங்கே அச்செழுத்துகள் சும்மா கிடக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒன்று என்று அட்டையில் போட்டிருந்தாலும், நம் ஊரில் இலக்கியம் நடந்தது கல்யாணம் நடக்காத மாசங்களில்தான்.

அச்சான தாள்கள் கட்டாக வீட்டுக்கு வரும். மண்ணெண்ணெயும் மையும் கலந்த ஒரு வாசனை. மடித்து, வரிசையாகக் கோத்து, ஊசியால் ஓட்டை போட்டுத் தைக்க வேண்டும். பின் அடிக்கிற மிஷின் எங்களிடம் இல்லை. தறியில் மிஞ்சிய பட்டு நூலால் தைப்போம். அந்தச் சமயத்தில் என்ன புடவை ஓடுகிறதோ அந்த நிறத்து நூல். ஒரு இதழ் மாம்பழ மஞ்சளில் இருக்கும், ஒன்று மயில் கழுத்தில் இருக்கும். மெட்ராஸில் இதை ஒரு பெரிய கலையாக நினைத்துப் பாராட்டிக் கடிதம் எழுதுவார்கள். அத்தை படித்துவிட்டுச் சிரிப்பாள்.

தாள்களைக் கோக்கும் வேலைக்குத் தலைமை கம்பாசிட்டர்தான். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் அவரே கூட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டுகளைச் சுவரோரமாக வரிசைப்படுத்தி வைப்பார். அம்மாவும் தறி வேலைக்கு வரும் பெண்களும் நானும் அந்த வரிசையில் நடந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவோம். ஆடிக் காற்று அம்மியையே பறக்கவிடும், தாள் எந்த மூலைக்கு? ஒவ்வொரு கட்டின் மேலும் தறிக் கல்லைத் தூக்கி வைத்திருப்போம்.

அம்மாவுக்கு இந்தப் பத்திரிகை பிடிக்காது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். "உங்க அத்த புக்கு வந்துச்சுன்னா எனக்குத்தான் பேஜாரு" என்பாள். வருகிறவர்களுக்கெல்லாம் சுண்டலும் டீயும் அவள்தான் செய்ய வேண்டும். புடவையை மடித்துக் கடைக்கு அனுப்புவதில் அவள் கைக்காரி. அவள் மடித்த புடவையைக் கடைக்காரர் மறுபடி மடிக்க மாட்டார். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஆடி இதழ் விசேஷமானது. மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய விமர்சகர் நீளமான கட்டுரை அனுப்பியிருந்தார். முதல் கட்டுரையாக வரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குத் தானே நேரில் வந்து இதழை வெளியிடுவதாகவும் சொல்லியிருந்தார். அந்த அளவு ஆள் நம் ஊருக்கு வந்தது கிடையாது. அவர் வாயால் 'நல்ல பத்திரிகை' என்று ஒரு சொல் வந்துவிட்டால், இத்தனை வருஷம் ஒயர் செருகினதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று அத்தை நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் புதுசாக ஒரு கைத்தறிச் சேலை எடுத்தாள். வெளியே போக அவள் புதுச் சேலை எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டுரை நீளம். முதல் பக்கத்தில் ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, அதன் வாலை மட்டும் கடைசி ஒற்றைத் தாளில் போடுவதாக ஏற்பாடு. மற்றதெல்லாம் அச்சாகிவிட்டது. அந்த ஒற்றைத் தாளின் பின்பக்கம்கூட அச்சாகிவிட்டது. சந்தா விவரமும் அச்சகத்தின் பெயரும் இருக்கிற பக்கம் அது. அப்போது மெட்ராஸ்காரர் ட்ரங்க் கால் போட்டார். அத்தையே இணைத்து அத்தையே பேசினாள். வாலில் யாரையோ திட்டியிருந்தாராம். அந்த யாரோ இப்போது ஒரு பரிசுக் குழுவில் சேர்ந்துவிட்டாராம். "அந்தக் கடைசிப் பகுதி வேண்டாம்மா, எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மிச்சத்தைக் கம்பாசிட்டர் பின்னாளில் எனக்குச் சொன்னார். அத்தை டூட்டிக்குப் போகிற வழியில் அச்சகத்துக்கு வந்து நின்றாள். அவர், "ஒரு பக்கம் மொட்டையா நிக்குதுங்க. எதுனா குடுங்க. ஜல்தி குடுத்தீங்கன்னா இப்பவே ஏத்திடுவேன். நாளைக்கி நான் படவேடு கோயிலுக்குப் போவணும், ஆடி வெள்ளி, பிள்ளைக்கு மொட்டை போடற வேண்டுதல்" என்றார். அத்தை கைப்பையில் துழாவினாள். அன்றைக்குத் தபாலில் வந்த நிலாக் கவிதைகள் இருந்தன. அவற்றை எடுத்தாள், பார்த்தாள், திருப்பி வைத்தாள். பிறகு ட்ரங்க் கால் குறித்து வைக்கிற சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது.

"யாரு எழுதினதுங்க? பேரு இல்லியே."

"பேரு வேணாம்."

"பேரு இல்லாம எப்படிங்க?"

"கடைசித் தாள யாரு படிக்கப் போறாங்க? போடுங்க" என்று சொல்லிவிட்டு, நேரமாகிறது என்று போய்விட்டாளாம்.

அந்தக் கவிதை இதுதான். எனக்கு மனப்பாடம்.

எல்லாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்டேன்.
ஆச்சு என்றார்கள்
எல்லாரும்.
விளக்கை அணைக்கப் போனபோது
அடுப்பு கேட்டது:
நீ?

பல வருஷத்துக்குப் பிறகு அவள் எழுதிய ஒரே கவிதை. தன் விதியைத் தானே மீறினாள். அதை நான் மழுப்பப் போவதில்லை. களைப்பாக இருந்தாள், ஒரு பக்கம் காலியாக இருந்தது, கைப்பையில் அது இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை கம்பாசிட்டர் குடும்பத்தோடு படவேடு போனார். சாயங்காலத்துக்குள் வந்து கோத்துத் தருவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். ஆடி வெள்ளிக்கு அங்கே இருக்கும் கூட்டம் உங்களுக்குத் தெரியும், வண்டியும் தெரியும். அவர் வரவில்லை. அத்தை, மறுநாள் கூட்டத்தில் முழுசாக இருக்கவேண்டும் என்று டூட்டியை மாற்றிக்கொண்டு, விடாமல் எக்ஸ்சேஞ்சிலேயே கிடந்தாள். அங்கே குளித்து, அங்கேயே புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, மெட்ராஸ்காரரை பஸ் ஸ்டாண்டில் எதிர்கொண்டு அழைத்து வருவதாக ஏற்பாடு. வீட்டில் தாள் கட்டுகள் சுவரோரம் கிடந்தன. காலையில் கூட்டம்.

"அவரு வர மாதிரி தெரியல. நாமளே கோத்துடலாம்" என்று அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

கட்டுகளை அவள்தான் வரிசைப்படுத்தினாள். கடைசியாக அந்த ஒற்றைத் தாள் கட்டுக்கு வந்தாள். ஒரு தாளை எடுத்துப் படித்தாள். உதடு அசையப் படித்தாள். மறுபடி படித்தாள். என்னைக் கூப்பிட்டு, "யாரு எழுதினது பாப்பா இது? பேரு போடலியே" என்றாள். எனக்கும் தெரியவில்லை. "எவளோ ஒருத்தி. எனக்குத் தெரிஞ்சவ மாதிரியே கீது" என்றாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் தலைப்பில் வைத்தாள்.

தறி வேலைக்கு வரும் அக்கா ஒருத்தி, "அது கடைசியில இல்ல வரணும்?" என்றாள்.

"முந்தானைய உள்ள வெச்சு எந்த ஊர்ல புடவை மடிப்பாங்க?" என்றாள் அம்மா. "நெய்யறது கடைசியில நெய்யட்டும். மடிக்கறப்ப முந்திதான் மேல. பிரிச்சவுடனே நல்லது கண்ணுல படணும்."

அந்த நியாயத்தை மறுக்க அங்கே யாரும் இல்லை. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் வளர்ந்திருந்தோம். அரக்கு நிற நூலால் தைத்தோம். அட்டை ஒட்டினோம். அம்மா ஒவ்வொரு இதழையும் அட்டையின் மேல் கையால் நீவிவிட்டாள். வேலை சுத்தமாக இருந்தது.

மறுநாள் கூட்டம் நிறைந்திருந்தது. மெட்ராஸ்காரர் தறி மேட்டில் உட்கார்ந்து பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டார். பிடிக்கவில்லை போல, வேட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அவரோடு வந்த அத்தை இதழைப் பார்க்கவே இல்லை. பட்டு நூல் கட்டிய கட்டை நான்தான் தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். அவர் பிரித்து, ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். கை தட்டினோம். அட்டையைத் திருப்பினார். அவர் புருவம் ஏறியது.

"கவிதை நல்லாத்தான் இருக்கு. யார் எழுதினது?"

பின்வரிசையில் ஆளுக்கு ஒன்று எடுத்துப் புரட்டத் தொடங்கியிருந்தார்கள். அத்தை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் என்ன ஆயிற்று என்று எழுத எனக்கு வராது. வேறு யாராவது என்றால் ஒரு பொய்ப் பெயரைச் சொல்லித் தப்பித்திருப்பார்கள்.

"நான் எழுதினதுங்க," என்றாள்.

மெட்ராஸ்காரர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "ஓஹோ. விருந்தாளியைக் கூப்பிட்டுட்டு வீட்டுக்காரங்களே முதல் பந்தியில உட்கார்ந்துட்டாங்க போலிருக்கே!"

கூடமே சிரித்தது. அவர் கட்டுரை எங்கும் ஓடிவிடவில்லை. அந்தத் தாளைப் புரட்டினால் அடுத்ததாக இருந்தது. கவிதைக்குக் கீழே பக்க எண்ணும் கொட்டை எழுத்தில் இருந்தது. அது கடைசித் தாள் என்பதை, வரிகளுக்கு நடுவில் எழுதாததையெல்லாம் படிக்கத் தெரிந்த அத்தனை பேரில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. அத்தை பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே கதவோரம் சுண்டல் தட்டோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். அத்தைக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். பக்க எண்ணைக் காட்டியிருந்தால், 'யார் இப்படிக் கோத்தது?' என்றுதான் அடுத்த கேள்வி வரும். அத்தனை தலையும் அம்மா பக்கம் திரும்பும். அத்தை அதைக் காட்டவில்லை.

தெள்ளார்க்காரர் எழுந்து நின்றார். கையில் இதழ் இருந்தது. உள்ளட்டையைத் திறந்து வைத்திருந்தார். குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இந்த ரூலு எங்களுக்கு மட்டும்தானாக்கா?"

கவிதையை மேலே வைத்தது அவள் இல்லை. ஆனால் உள்ளே வைத்தது அவள்தானே. அவர் இதழைத் தறி மேட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மெட்ராஸ்காரர் கொஞ்சமாகப் பேசிவிட்டு, முன்னதாகவே கிளம்பும் ஒரு பஸ்ஸுக்குப் புறப்பட்டார். நல்ல பத்திரிகை என்று அவர் சொல்லவில்லை. சுண்டல் அப்படியே மிஞ்சியது.

அதற்குப் பிறகு அடுத்த இதழ் வரவில்லை. வந்திருந்த கவிதைகளையெல்லாம் அத்தை ஒவ்வொன்றாக உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். தெள்ளார்க்காரருக்கு மட்டும் ஒரு கார்டு எழுதினாள், நான்தான் தபால்பெட்டியில் போட்டேன். 'நீங்கள் கேட்டது நியாயம்' என்று ஒரே வரி. அவர் அதன் பிறகு நிறைய எழுதினார், வேறு பத்திரிகைகளில். எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அவமானம் தாங்காமல் நிறுத்திவிட்டாள் என்று ஊர் சொன்னது. அப்பாவும் அதையேதான் சொன்னார். ரொம்ப காலம் நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கே வேலை, குடும்பம், பிள்ளைகள் என்று வந்து, ஒருநாள் அடுப்படியில் நின்றபடியே எதையும் செய்யப் பிடிக்காமல் போனபோதுதான், அன்று சாயங்காலம் நான் பார்த்தது என்னவென்று எனக்கு விளங்கியது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகு கம்பாசிட்டர் வந்து சேர்ந்தார். நெற்றி நிறையக் குங்குமம், தோளில் மொட்டைத் தலையோடு தூங்கும் பிள்ளை. ஒரு இதழைப் பிரித்தவர் பதறிவிட்டார். "அய்யய்யோ! யாருங்க கோத்தது இத?"

"நான்தான்," என்றாள் அம்மா. அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எடுத்துக்கொண்டிருந்த தட்டுகளைக் கீழே வைத்தாள்.

அப்பா, "இன்னும் தபாலுக்குப் போவல இல்ல? எல்லாத்தயும் பிரிச்சு, அந்தத் தாள கிழிச்சுப் போட்டுட்டு அனுப்பிடுக்கா. வெளியூர்க்காரனுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார். கம்பாசிட்டரும், "நான் கூட உக்காந்து பிரிச்சுத் தரேங்க. இன்னிக்கே முடிச்சுடலாம்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதைச் செய்திருந்தால் அவள் பெயர் இன்றைக்கு இப்படி அடிபடாது.

அத்தை கத்தரிக்கோலை எடுத்தாள். தறி மேட்டின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, முதல் இதழை மடியில் வைத்துக்கொண்டாள். அரக்கு நூலில் கத்தரிக்கோலை நுழைத்தாள்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அறிந்து அவள் நாத்தனாருக்குச் சமமாக உட்கார்ந்ததில்லை.

"அது நீங்க எழுதினதுன்னு எனக்குத் தெரியாது அண்ணி."

"தெரிஞ்சிருந்தா?"

அம்மா யோசித்தாள். "தெரியல. தெரிஞ்சிருந்தா, உங்களுதுதானேன்னு படிக்காமயே கடைசியில வெச்சிருப்பேனோ என்னமோ."

அத்தை கத்தரிக்கோலை நூலிலிருந்து வெளியே எடுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள். எத்தனையோ பேர் அவளிடம் வந்து கேட்டுவிட்டு, பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கேள்வியை, அவள் அன்றைக்குத்தான் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இல்லன்னா மேல வெப்பனா?" என்றாள் அம்மா.

அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அப்படியே போவட்டும்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "ஒண்ணும் பிரிக்க வேணாம்."

"அக்கா, ஊருல இன்னா சொல்லுவாங்க தெரியுமா?" என்றார் அப்பா.

"தெரியும். சொல்லட்டும். எனக்கு இது போதும். இனிமே யாரு எழுதினதையும் படிக்க என்னால முடியாதுடா."

அப்பா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். அவள் எழுந்து போய், தபால் உறைகள் ஒட்டுவதற்குப் பசை காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள்.